பாராசூட் விரியாவிட்டால் என்ன ஆகும்? ஆகாயத்தில் குதிக்க ஆசைப்படும் தாம்பரம் வாலிபர்கள் கவனத்துக்கு!

தாம்பரம்:-

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் மக்களுக்கு விமானச் சத்தம் ஒன்றும் புதிது அல்ல. காலையில் பால் வாங்க கடைக்குப் போகும்போதே தலைக்கு மேலே விமானப்படை பயிற்சி விமானம் வட்டமடிக்கும். யாரும் நிமிர்ந்துகூட பார்ப்பது இல்லை.

ஆனால் 2025-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி மதியம் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். தாம்பரம் விமானப்படை தளத்தில் இருந்து கிளம்பிய பிலாட்டஸ் பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானம் உருத்தெரியாமல் போனது. ஆனால் அதில் இருந்த விமானி உயிரோடு இருந்தார். கடைசி நேரத்தில் இருக்கையோடு வெளியே பாய்ந்து, பாராசூட் மூலம் தரை இறங்கினார்.

அந்த சம்பவத்துக்கு பிறகு டீக்கடைகளில் ஒரு பேச்சு அடிபட்டது. "பாராசூட் இருந்தா போதும்பா, எங்கிருந்து வேணும்னாலும் குதிக்கலாம்" என்பதுதான் அந்த பேச்சு.

உண்மை அது அல்ல. பாராசூட் இருந்தும் செத்தவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு சம்பவம் நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்தது.

சேலத்தில் நடந்த சோகம்

2014-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே உள்ள காமலாபுரம் விமான நிலையத்தில் அப்போது பயணிகள் விமானம் வந்து போகவில்லை. ஓடுபாதை சும்மா கிடந்தது. அங்கே ஒரு தனியார் அமைப்பு பாராசூட் குதிப்பு முகாம் நடத்தியது. பெங்களூருவில் இருந்து கணவருடன் வந்திருந்த இளம்பெண் என்ஜினீயர் ஒருவர் ஆசையோடு விமானத்தில் ஏறினார். குதித்தார். பாராசூட் சரியாக விரியவில்லை. தரையில் விழுந்து பரிதாபமாக பலியானார்.

போலீசார் வழக்குப்பதிவு செய்து விசாரணை நடத்தினார்கள். கொஞ்ச நாள் எல்லோரும் பேசினார்கள். பிறகு மறந்து விட்டார்கள்.

திருப்போரூரில் பாராசூட் காப்பாற்றியது. சேலத்தில் காப்பாற்றவில்லை. இரண்டுமே துணியும் கயிறும்தான். அப்புறம் என்ன வித்தியாசம்?

விமானப்படையில் ஒவ்வொரு பாராசூட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. எப்போது மடித்தார்கள், யார் மடித்தது, எப்போது பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். இருக்கையை வெளியே தள்ளும் வெடிமருந்து பாகத்துக்குக்கூட காலாவதி தேதி உண்டு. தேதி முடிந்தால் நல்லா இருக்கிறதோ இல்லையோ, மாற்றியே ஆக வேண்டும்.

காசு கொடுத்து குதிக்கிற இடத்திலும் அந்தக் கணக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் ஆகாயத்தில் முடிவாவது இல்லை. தரையில், பாராசூட்டை மடிக்கிற மேஜையிலேயே முடிவாகி விடுகிறது.

முதுகுப் பையில் என்ன இருக்கிறது?

ஆகாயத்தில் குதிப்பவர் முதுகில் மாட்டுவது பள்ளிக்கூடப் பை மாதிரி இருக்கும். அதற்குள் ஒன்று அல்ல, 2 பாராசூட் இருக்க வேண்டும். ஒன்று வழக்கமாக விரிப்பது. இன்னொன்று ஆபத்துக்கு உதவும் மாற்று பாராசூட். அதை ரிசர்வ் என்கிறார்கள்.

முதல் பாராசூட் மக்கர் செய்தால், அதை உடம்பில் இருந்து கழற்றி விட ஒரு கைப்பிடி இருக்கும். ரிசர்வை திறக்க இன்னொரு கைப்பிடி இருக்கும். முதலில் கெட்டதை கழற்ற வேண்டும். பிறகு ரிசர்வை திறக்க வேண்டும். அவசரத்தில் மாற்றிச் செய்தால் இரண்டும் ஒன்றோடு ஒன்று சுற்றிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மூன்றாவதாக ஒரு குட்டி எந்திரம். தீப்பெட்டியை விட கொஞ்சம் பெரிது. குதித்தவர் மயங்கி விட்டாலும், பயத்தில் கை கால் ஓடாமல் நின்று விட்டாலும், இது தானாகவே ரிசர்வ் பாராசூட்டை திறந்து விடும். தனியாகக் குதிக்கும் அனுபவசாலிகளுக்கு சுமார் 750 அடி உயரத்திலும், பயிற்சியாளரோடு சேர்ந்து குதிப்பவர்களுக்கு சுமார் 1,900 அடி உயரத்திலும் வேலை செய்யும்படி வைத்திருப்பார்கள். 1991-ம் ஆண்டு ஜெர்மனியில் இருந்து இந்த வகை கருவி விற்பனைக்கு வந்த பிறகு உலகம் முழுக்க பல உயிர்கள் தப்பி இருக்கின்றன.

இந்தக் கருவி எதற்கு என்பதை ஒரு சின்னக் கணக்கு சொல்லி விடும். 10 ஆயிரம் அடி என்றால் சுமார் 3 கிலோ மீட்டர். நம்ம பரங்கிமலை சுமார் 300 அடி. அதைப் போல 33 மலையை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய உயரம். அங்கிருந்து குதிப்பவர் மணிக்கு சுமார் 200 கிலோ மீட்டர் வேகத்தில் கீழே வருவார். 3 ஆயிரம் அடியில் பாராசூட் விரியவில்லை என்றால், தரையைத் தொட 16, 17 வினாடிதான் பாக்கி. செல்போனில் நம்பர் தேடி எடுக்கிற நேரம்கூட கிடையாது. அதற்குள் என்ன கோளாறு என்று புரிந்து, சரியான கைப்பிடியை சரியான வரிசையில் இழுக்க வேண்டும்.

எங்கே கோளாறு வருகிறது?

பாராசூட் கோளாறு என்றால் ஓட்டை விழுவது என்று பலர் நினைக்கிறார்கள். அது ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு.

கயிறுகள் முறுக்கிக் கொள்ளும். முறுக்கை உதைத்து அவிழ்க்க நேரம் கிடைத்தால் தப்பலாம். ஒரு கயிறு பாராசூட்டின் மேல் பக்கமாக விழுந்து விட்டால் துணி இரண்டாக மடங்கி, ஆளை வேகமாக சுழற்றும். முதலில் வெளியே போய் பெரிய பாராசூட்டை இழுக்க வேண்டிய குட்டி பாராசூட் வலு இல்லாமல் பின்னாலேயே தொங்கும். சில நேரம் உள்பை திறக்காமல் அப்படியே மூட்டையாக மேலே நிற்கும்.

இதில் கணிசமான கோளாறுக்கு காரணம் மடித்த விதமும், தேய்ந்த சில்லறை சாமான்களும்தான். கயிறை கட்டி வைக்கும் ரப்பர் பேண்ட், பையை மூடும் சின்ன நூல் வளையம், அதில் குத்தும் ஊசி. கடையில் பார்த்தால் சாதாரண சாமான். ஆகாயத்தில் அதுதான் உயிர்.

நைலான் துணிக்கு வெயில் ஆகாது. உப்புக்காற்று ஆகாது. மணல் ஆகாது. ஈரத்தோடு மூட்டை கட்டி வைத்தால் கெடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இதெல்லாம் சொல்லாமலே புரியும். இரும்பு கேட்டே 2 வருடத்தில் துருப்பிடிக்கிற ஊர் இது.

அமெரிக்காவில் ரிசர்வ் பாராசூட்டை 180 நாளுக்கு ஒரு முறை, லைசென்ஸ் பெற்ற ஆள் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, நூல் கட்டி சீல் வைக்க வேண்டும் என்று சட்டம். ஒரு அட்டையில் தேதியும் கையெழுத்தும் இருக்கும். 2023-ம் ஆண்டில் அந்த நாட்டில் சுமார் 36 லட்சத்து 50 ஆயிரம் முறை குதித்திருக்கிறார்கள். இறந்தவர்கள் 10 பேர். கணக்குப்படி பார்த்தால் 3 லட்சத்து 65 ஆயிரம் குதிப்புக்கு ஒரு சாவு. அந்த அட்டையும் சீலும் இல்லாமல் இந்தக் கணக்கு வராது.

கைதேர்ந்தவர்களுக்கே இந்த கதி

அனுபவம் இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2025-ம் ஆண்டு ஆக்ராவில் விமானப்படையின் பாராசூட் பயிற்சியாளர்கள் 2 பேர் அடுத்தடுத்து பலியானார்கள். ஒருவர் பிப்ரவரியில், இன்னொருவர் ஏப்ரலில். குதிப்பதே வேலையாக இருந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் விசாகப்பட்டினம் கடற்கரையில் கடற்படை ஒத்திகை நடந்தபோது 2 வீரர்களின் பாராசூட்டுகள் நடுவானில் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொண்டன. இருவரும் கடலில் விழுந்தார்கள். தயாராக நின்ற படகு ஓடிப்போய் தூக்கியதால் உயிர் தப்பினார்கள்.

வெளிநாட்டில் நடந்தது இன்னும் பயங்கரம். 2015-ம் ஆண்டு இங்கிலாந்தில் ராணுவ சார்ஜெண்ட் ஒருவர், பாராசூட்டில் குதித்துப் பழகிய தனது மனைவியின் பையில் கை வைத்து விட்டார். முதல் பாராசூட்டையும் கெடுத்து, ரிசர்வையும் கெடுத்தார். சுமார் 4 ஆயிரம் அடியில் இருந்து விழுந்த அந்தப் பெண், புதிதாக உழுத வயலில் விழுந்ததால் எலும்புகள் நொறுங்கியும் பிழைத்துக் கொண்டார். கணவருக்கு 2018-ம் ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது. குறைந்தது 18 வருடம் உள்ளே இருக்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது.

இப்படி ஒரு புருஷன் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டான். ஆனால் பை யார் கையில் இருந்தது, கடைசியாக யார் பார்த்தது என்று கேட்பதில் தப்பே இல்லை என்பதை இந்தச் சம்பவம் சொல்கிறது.

தாம்பரத்தில் ஏன் குதிக்க முடியாது?

"நம்ம ஏரியாவுலயே ஏர்போர்ட் இருக்கு, ஏர்போர்ஸ் இருக்கு. இங்கேயே குதிக்க இடம் இருக்காதா?" என்று பழைய மகாபலிபுரம் சாலை கம்பெனிகளில் வேலை பார்க்கும் வாலிபர்கள் கேட்கிறார்கள். அவை இருப்பதால்தான் இங்கே குதிக்க முடியாது.

திரிசூலத்தில் இருந்து மின்சார ரெயிலில் ஏறினால் 4-வது ஸ்டேஷன் தாம்பரம். ஒரு பக்கம் மீனம்பாக்கத்துக்கு வந்து போகும் பயணிகள் விமானங்கள். இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படை பயிற்சி விமானங்கள். தெற்கே போனால் கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் மேலே பறக்க தடை இருக்கிறது. ஆகாயத்தில் இருந்து குதிக்க வேண்டும் என்றால் 10 ஆயிரம் அடி வரை அந்த வான்வெளி காலியாக இருக்க வேண்டும். நம்ம பக்கம் ஆகாயமும் வேளச்சேரி ரோடு மாதிரி எப்போதும் டிராபிக்தான்.

வானம் காலியாக இருந்தாலும் தரை காலியாக இல்லை. பாராசூட்டில் வருபவர் இறங்க மரம், மின்கம்பி, கட்டிடம், ஏரி எதுவும் இல்லாத பெரிய திடல் வேண்டும். செம்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் பக்கம் அப்படி ஒரு இடத்தை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் கிடைக்காது. இருந்த வயலெல்லாம் பிளாட்டாகி விட்டது. மிச்சம் இருப்பது ஏரி. கடற்கரைப் பக்கம் மதியத்துக்கு மேல் கடல்காற்று வீசத் தொடங்கினால் ஆளை எங்கே தள்ளும் என்று சொல்ல முடியாது.

விமானத்தில் இருந்து பாராசூட்டில் குதிக்க மத்திய அரசின் விமான போக்குவரத்து இயக்குனரகம் அனுமதி தர வேண்டும். ஆகவே "சென்னைக்கு பக்கத்திலேயே ஸ்கை டைவிங், இன்னைக்கே புக் பண்ணுங்க" என்று செல்போனில் விளம்பரம் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அப்படின்னா எங்கே போவது?

அரியானா மாநிலம் நார்னவுலில் ஒரு மையம் இருக்கிறது. மத்திய பிரதேச மாநிலம் உஜ்ஜைனியில் அந்த மாநில சுற்றுலாத்துறை குளிர்காலத்தில் ஸ்கை டைவிங் விழா நடத்தி வருகிறது. மைசூருவில் கடந்த காலங்களில் முகாம்கள் நடந்தன. துபாயில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு அங்கே கடலோரத்தில் பெரிய மையம் இருப்பது தெரியும்.

செலவு குறைச்சல் இல்லை. நம்ம நாட்டிலேயே ஒரு தடவைக்கு ரூ.25 ஆயிரத்துக்கு மேல் ஆகும். போக வர ரெயில் செலவு, ரூம் வாடகை தனி. ஒரு தொழிலாளியின் மாசச் சம்பளத்தை விட அதிகம். இதனால்தான் யாராவது பக்கத்திலேயே, பாதி விலைக்கு என்றால் மனசு சபலப்படுகிறது.

இடம் தேர்வு செய்யும்போது ஒன்றை கவனிக்க வேண்டும். அது நிரந்தர மையமா, 3 நாள் முகாமா? நிரந்தர மையத்தில் பாராசூட் மடிக்க தனி அறை, தனி ஆள் இருப்பார்கள். அதே விமானம், அதே திடல், அதே பயிற்சியாளர் தினமும் வேலை செய்வார்கள். முகாம் என்றால் எல்லாமே வேனில் ஏற்றி வந்த சாமான். 3 நாளில் எத்தனை பேரை ஏற்றி இறக்க முடியுமோ அத்தனை பேரை ஏற்றி இறக்கப் பார்ப்பார்கள். நல்ல முகாமும் உண்டு. ஆனால் கேள்வி கேட்காமல் போகக்கூடாது. சேலத்தில் நடந்ததும் முகாம்தான்.

முதல் முறை குதிப்பவர் தனியாகக் குதிக்காமல், பயிற்சியாளர் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் முறையில் போவது நல்லது. அமெரிக்காவில் அந்த வகை பயிற்சியாளர் ஆக குறைந்தது 500 முறை குதித்திருக்க வேண்டும். 3 வருட அனுபவமும் வேண்டும்.

கோவளம் போறவங்களும் உஷார்

"இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு, நமக்கென்ன?" என்று நினைக்கலாம். ஆனால் காணும் பொங்கலுக்கும், கோடை விடுமுறைக்கும் கடற்கரைக்கு குடும்பத்தோடு போகும்போது, சில நூறு ரூபாய்க்கு பாராசூட்டில் தூக்கிக் காட்டுகிறேன் என்று யாராவது கூப்பிடுவார்கள். படகோ ஜீப்போ கயிறு கட்டி இழுக்க, ஆள் மேலே போகிற பாராசெயிலிங் அது. இதில் ரிசர்வ் பாராசூட் என்ற பேச்சே கிடையாது. கயிறும் பெல்ட்டும்தான் எல்லாமே.

2015-ம் ஆண்டு டிசம்பரில் கோவையில் இப்படி மேலே போன ஒருவர், பெல்ட் கழன்றதால் கீழே விழுந்து பலியானார். 2021-ம் ஆண்டு நவம்பரில் டையூ கடற்கரையில் கயிறு அறுந்து ஒரு தம்பதி கடலில் விழுந்தார்கள். லைப் ஜாக்கெட் போட்டிருந்ததால் பிழைத்தார்கள். 2025-ம் ஆண்டு ஜனவரியில் கோவாவில் பாராகிளைடிங் சென்ற இளம்பெண்ணும், அவரோடு பறந்த பயிற்சியாளரும் பலியானார்கள். அதை நடத்தியவர்களுக்கு அனுமதியே இல்லை என்று போலீசார் தெரிவித்தனர்.

கோவை, டையூ இரண்டிலும் ஆளைக் கவிழ்த்தது அந்த பெல்ட்டும் கயிறும்தான். ஏறுவதற்கு முன்பு அரை நிமிஷம் கவனித்துப் பார்க்க வேண்டிய சாமான்கள்.

பணம் கட்டும் முன்பு கேளுங்க

* அனுமதிக் கடிதம் எங்கே? ஸ்கை டைவிங் என்றால் விமான போக்குவரத்து இயக்குனரக அனுமதி. மற்ற சாகச விளையாட்டு என்றால் மாநில சுற்றுலாத்துறை பதிவு. "எல்லாம் இருக்கு சார்" என்றால் போதாது. காகிதத்தை கண்ணில் காட்ட வேண்டும்.

* ரிசர்வ் பாராசூட் கடைசியாக எப்போது மடிக்கப்பட்டது? அட்டையில் தேதி, கையெழுத்து இருக்கிறதா?

* தானாகத் திறக்கும் கருவி இருக்கிறதா? அதற்கு பேட்டரி, சர்வீஸ் தேதி முடிந்து விட்டதா?

* பயிற்சியாளர் எத்தனை முறை குதித்திருக்கிறார்? எங்கே லைசென்ஸ் வாங்கினார்?

* தொடைப்பட்டை, மார்புப்பட்டை இரண்டையும் ஒருவர் மாட்டிய பிறகு இன்னொருவர் சரி பார்க்கிறாரா?

* காற்று அதிகமானால் நிறுத்துவார்களா? பணம் திரும்பத் தருவார்களா? பணம் தர மாட்டோம் என்று சொல்பவர் காற்றிலும் ஏற்றி விடப் பார்ப்பார்.

* ஆம்புலன்ஸ் நிற்கிறதா? பக்கத்து ஆஸ்பத்திரி எத்தனை கிலோ மீட்டர்?

இருதய நோய், ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் போகக்கூடாது. குடித்துவிட்டு போகவே கூடாது.

இன்னொரு விஷயம். எல்லா இடத்திலும் ஒரு பாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். "என் சொந்த பொறுப்பில் குதிக்கிறேன்" என்று இருக்கும். அந்தக் கையெழுத்தால் நடத்துபவர் தப்பிக்க முடியாது. அலட்சியத்தால் சாவு நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின் கீழ் 5 வருடம் வரை ஜெயில் உண்டு. அதே நேரம், பல விபத்து இன்சூரன்ஸ் பாலிசிகளில் சாகச விளையாட்டுக்கு பணம் கிடையாது என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். குடும்பம் நடுத்தெருவுக்கு வந்த பிறகு அதைப் படித்து பிரயோஜனம் இல்லை.

தூரம் பார்க்காதீங்க

சாப்பாட்டுக் கடை என்றால் பக்கத்தில் இருப்பதை தேடலாம். சலூன் என்றால் விலை குறைவான இடத்தை தேடலாம். பாராசூட் விஷயத்தில் இரண்டும் செல்லாது. பக்கத்தில் இருக்கிறது, விலை குறைச்சல் என்பதற்காக தேர்வு செய்த இடம் மலிவான இடம் அல்ல.

கடற்கரையில் பாராசூட் தொழில் நடத்துபவர்களை பண்டிகை நாளில் மட்டும் அல்லாமல் மற்ற நாளிலும் அதிகாரிகள் போய் சோதனை செய்தால் பாதி ஆபத்து குறையும். பதிவு எண்ணை போர்டில் பெரிதாக எழுதி வைக்கச் சொன்னால் மீதி ஆபத்தை பொதுமக்களே பார்த்துக் கொள்வார்கள்.

அதுவரை கேள்வி கேட்பது ஒன்றுதான் வழி. பையைத் திறந்து காட்டச் சொன்னால் நல்ல பயிற்சியாளர் கோபப்பட மாட்டார். சந்தோஷமாக காட்டுவார். "நம்பிக்கை இல்லன்னா போய்க்கிட்டே இரு தம்பி" என்று யாராவது சொன்னால், பேச்சை மறு பேச்சு பேசாமல் கேட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து விடுவது உத்தமம்.